மருந்து டேங்க் ஒழுகுதா, இறுகிக் கிடக்குதா? காப்பி, மிளகுத் தோட்டக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சேர்வராயன் மலையில் மே கடைசியில் போர்டோ (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்து) அடிக்க டேங்கை இறக்கும்போதுதான் முதுகு நனையும், கைப்பிடி நகராது, நாசில் கேப் கழலாது. மழைக்கு முன் கிடைப்பதே சில வெயில் நாள்கள். அதில் இரண்டு நாள் டேங்க் ரிப்பேரில் போனால் காப்பியில் இலைத்துரு நோய் முந்திக்கொள்ளும்.

இங்கே சொல்வது தோளில் மாட்டிக் கைப்பிடி அடிக்கும் 16 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் பற்றி. பேட்டரி டேங்குக்குத் தனியாக ஒரு பகுதி உண்டு. வரிசை மாறாமல் செய்யுங்கள். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் எடுத்தவுடன் ஸ்பேனரைப் போட்டு எல்லா நட்டையும் இறுக்குகிறார்கள். ஒழுகல் நிற்பதில்லை, பிளாஸ்டிக் நட்தான் வெடிக்கிறது.

1. பிரிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் டேங்க் மாடலுக்கான வாஷர் செட் ஒன்று. இதுதான் முதல் தேவை. பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் வாஷர்கள் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பொருந்தாமல் போகும். அதனால் பழைய வாஷரைக் கையோடு எடுத்துப் போய், கடையிலேயே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போய், தப்பான வாஷரோடு திரும்பினால் அன்றைய நாளே போச்சு. வாங்கும்போதே இரண்டு செட் வாங்கி வையுங்கள்.

மற்றவை: இரண்டு பிளாஸ்டிக் வாளி, பழைய பல் துலக்கும் பிரஷ், ஸ்க்ரூடிரைவர், பிளேயர், ஸ்பேனர், ஒரு சாண் சைக்கிள் டியூப், சோப்புத் தண்ணீர், விளக்கெண்ணெய், எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) 100 கிராம், ஆப்ப சோடா கொஞ்சம். நைட்ரைல் (எண்ணெய் தாங்கும் செயற்கை ரப்பர்) கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். காலி டேங்குதானே என்று கையுறையை விட்டுவிடாதீர்கள். காய்ந்த மருந்து வாஷர் இடுக்கில் ஒட்டியிருக்கும். ஈரம் பட்டதும் தோலில் ஏறும்.

பிரித்த பாகங்களை வைக்க அகலமான வெள்ளைத் தட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வால்வு குண்டும் ஸ்பிரிங்கும் மண்ணில் விழுந்தால் கிடைக்காது.

2. கழுவி, அழுத்தத்தை இறக்குங்கள்

டேங்கில் இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, பம்ப் அடித்து நாசில் வழியாகவே வெளியேற்றுங்கள். இப்படி மூன்று முறை. ஒரேயடியாக ஆறு லிட்டர் ஊற்றி அலசுவதைவிட, இரண்டு இரண்டாக மூன்று முறை அலசினால் மிச்ச மருந்து நன்றாகப் போகும். ஹோஸும் லேன்ஸும் (டிரிகருக்கும் நாசிலுக்கும் நடுவில் இருக்கும் நீளக் குழாய்) இதிலேயே சுத்தமாகும்.

அலசிய தண்ணீரை மருந்து அடித்த செடிகள் மேலேயே தெளித்துவிடுங்கள். மலையில் சரிவில் கொட்டுவது கீழே இருக்கிற ஊரின் ஊற்றில் போய்ச் சேரும்.

பிறகு கைப்பிடியை விட்டுவிட்டு, டிரிகரை அழுத்திப் பிடியுங்கள். நாசிலில் தெளிப்பு முழுக்க நிற்கும்வரை விடக்கூடாது. டேங்க் காலியாக இருந்தாலும் பிரஷர் சேம்பருக்குள் (பம்ப் அடித்த மருந்து அழுத்தத்தோடு தங்கும் சின்ன அறை) காற்று அழுத்தத்தோடு நிற்கும். அந்த நிலையில் நட்டைக் கழற்றினால் உள்ளே இருப்பது முகத்தில்தான் பீச்சும்.

3. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

பாதி வேலை இதில்தான் முடிகிறது. இந்தச் சோதனையைத் தாண்டிப் போகாதீர்கள்.

இந்த வகை டேங்கில் பெரிய தொட்டிக்குள் அழுத்தம் கிடையாது. அழுத்தம் இருப்பது பிரஷர் சேம்பர், ஹோஸ், டிரிகர், லேன்ஸ், நாசில் என்ற ஒரே வழியில் மட்டும். ஆகவே ஒழுகல் இரண்டு ஜாதி. பம்ப் அடிக்காமலே ஒழுகினால் தொட்டி, மூடி, அடிப்பக்க வாஷர் என்று தேட வேண்டும். அடித்தால் மட்டும் ஒழுகினால் அழுத்த வழியில் தேட வேண்டும். இரண்டையும் குழப்பினால் நல்ல வாஷரைக் கழற்றிக் கெடுப்போம்.

முதலில் டேங்கின் வெளிப்பக்கத்தைத் துணியால் முழுக்கத் துடைத்து, காய்ந்த செய்தித்தாள் மேல் நிற்க வையுங்கள். பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, பம்பைத் தொடாமல் 15 நிமிடம் விடுங்கள். காகிதத்தில் ஈரம் எந்த மூலையில் வருகிறது என்று பாருங்கள். அடுத்து, மருந்து அடிக்கும்போது குனிவதுபோல டேங்கை முன்னால் சாய்த்துப் பிடியுங்கள். மூடி ஒழுகினால் இப்போது தெரியும்.

அடுத்தது பம்ப் சோதனை. டிரிகரை மூடி வைத்து, கைப்பிடி கனமாகும்வரை அடியுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரை பிரஷால் தடவுங்கள். தண்ணீர் சொட்டும் அளவுக்கு வராத நுண்ணிய கசிவும் குமிழி விட்டுக் காட்டிக்கொடுக்கும். சொட்டு கீழே விழும் இடத்தை நம்பாதீர்கள். மேலே கசிந்தது ஹோஸ் வழியாக வழிந்து டிரிகரில் சொட்டும். ஈரம் தொடங்கும் உச்சி எது என்று விரலால் மேல்நோக்கித் தடவிப் பாருங்கள்.

4. மூடியும் காற்றுத் துளையும்

மூடி ஒழுகினால் உள்ளே இருக்கிற வட்ட வாஷரை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருக்கும். அவசரத்துக்குத் திருப்பிப் போடலாம்; அன்றைக்கு ஓடும். மறுநாள் புதியது போடுங்கள்.

மூடியின் நடுவில் ஒரு சின்னத் துளையும் அதன்மேல் மெல்லிய ரப்பர் தகடும் இருக்கும். மருந்து குறையக் குறைய வெளிக்காற்று உள்ளே வரும் வழி அது. ஒழுகுகிறதே என்று சிலர் அதை டேப் போட்டு அடைத்துவிடுகிறார்கள். காற்று வராவிட்டால் டேங்கின் வயிறு உள்ளே ஒட்டும், கைப்பிடி கல்லாகும், தெளிப்பு மெலியும். அந்த ரப்பர் தகடைக் கழுவிப் போட்டாலே பெரும்பாலும் சரியாகும்.

5. தொட்டியின் அடிப்பக்கம்

பம்ப் சிலிண்டர் தொட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு பெரிய ஓ-ரிங் (வட்ட ரப்பர் வளையம்) உண்டு. அது உட்காரும் பள்ளத்தில் சுண்ணாம்புத் துகள் ஒன்று கிடந்தாலும் கசியும். பள்ளத்தை பிரஷால் தேய்த்து, விரல் நகத்தால் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது நகத்துக்குத் தடுக்கும்.

தொட்டியே விரிந்திருந்தால் எபாக்சி பசையோ சூப்பர் குளூவோ பயன்படாது. பாலித்தீன் வகைப் பிளாஸ்டிக்கில் பசை ஒட்டுவதில்லை. காய்ந்தபின் தகடாக உரிந்து வரும். அதே வகைப் பிளாஸ்டிக் துண்டை வைத்துச் சூட்டில் உருக்கி ஒட்டுவது ஒன்றே வழி. தோள்பட்டை மாட்டும் இடத்தருகே விரிசல் என்றால் அந்தத் தொட்டியை விட்டுவிடுங்கள். 16 கிலோ எடையோடு சரிவில் அறுந்தால் மருந்து முழுக்க முதுகில்.

6. ஹோஸ், டிரிகர்

ஹோஸ் முனை வெயிலில் கெட்டியாகி விரிந்துபோகும். கிளாம்பை மேலும் இறுக்குவதில் பயனில்லை. முனையில் மூன்று சென்டிமீட்டரை நேராக வெட்டி எறியுங்கள். புது முனையை ஒரு நிமிடம் சுடுதண்ணீரில் வைத்துச் சூட்டோடு நிப்பிளில் (ஹோஸ் மாட்டும் குழாய் முனை) முழுக்கத் தள்ளி, கிளாம்பைப் போடுங்கள். ஆறும்போது அதுவே பிடித்துக்கொள்ளும்.

டிரிகரை விட்டபிறகும் நாசிலில் சொட்டுகிறதா? இரண்டு மூன்று நொடியில் நின்றுவிட்டால் அது லேன்ஸுக்குள் தங்கிய தண்ணீர். பழுது இல்லை, பிரிக்க வேண்டாம். நிற்காமல் சொட்டினால் டிரிகருக்குள் வால்வு உட்காரும் இடத்தில் துகள் சிக்கியிருக்கிறது, அல்லது ஓ-ரிங் தேய்ந்திருக்கிறது. பிரிக்கும் முன் ஒருமுறை நல்ல தண்ணீரில் முழு அழுத்தம் ஏற்றி, டிரிகரைப் பத்துப் பன்னிரண்டு தடவை வெடுக்கென்று அழுத்தி விடுங்கள். துகள் என்றால் அதிலேயே போய்விடும்.

டெஃப்லான் டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மரையே அடைப்பாக வேலை செய்யும் பித்தளை இணைப்புகளில் மட்டும், முனையை நோக்கிப் பார்த்தால் கடிகார முள் சுற்றும் பக்கமாக மூன்று நான்கு சுற்று. வாஷரோ ஓ-ரிங்கோ இருக்கும் இணைப்பில் டேப் சுற்றக் கூடாது. டேப்பின் தடிமனால் நட் முழுக்க இறங்காது, வாஷர் அழுந்தாது, இருந்ததைவிட மோசமாக ஒழுகும்.

7. இறுகிப்போன பாகத்தைக் கழற்றுவது

இங்கேதான் அதிகம் உடைகிறது. முறுக்குவதற்கு முன் எதனால் இறுகியது என்று பார்க்க வேண்டும். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று.

போர்டோ அடிக்கிற டேங்க் என்றால் சுண்ணாம்பு. மரையில் தங்கிய சுண்ணாம்புப் பால் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, சில நாளில் சுண்ணாம்புக்கல்லாகவே மாறிவிடும். மரை இடுக்கில் வெள்ளையும் இளநீலமுமாகப் பொருக்கு தெரியும்.

எண்ணெய் கலந்த, தண்ணீரில் பால்போல் கரையும் பூச்சிமருந்து அடிக்கிற டேங்க் என்றால் ரப்பர் ஊதியிருக்கும். அந்த மருந்துகளில் இருக்கும் கரைப்பான் சாதாரண ரப்பரை வீங்க வைக்கும். பழைய வாஷரைப் புதியதன் மேல் வைத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரு நூல் அளவு வெளியே நின்றால் அது ஊதிய வாஷர். அதைத் தேய்த்துச் சின்னதாக்கிப் போடாதீர்கள், மாற்றுங்கள். அடுத்த முறை நைட்ரைல் வாஷர் கேட்டு வாங்குங்கள்.

சுண்ணாம்புக்கு மருந்து புளிப்பு. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பைப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, இறுகிய பாகத்தை முழுக்க மூழ்க விடுங்கள். பெரிய பாகம் என்றால் இந்தக் கரைசலில் நனைத்த துணியைச் சுற்றி வையுங்கள். நுரை நுரையாகக் குமிழி வந்தால் சரியாக வேலை நடக்கிறது. குமிழி அடங்கியதும், அல்லது அரைமணி நேரத்தில், எது முந்துகிறதோ அப்போது எடுத்துவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊறப் போட்டால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து, பாகம் செம்பு நிறமாகிப் பொடபொடத்துவிடும். எடுத்தபின் ஒரு லிட்டரில் ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் அலசி, பிறகு நல்ல தண்ணீர். ரப்பர் பாகங்களை முடிந்தவரை இதில் போட வேண்டாம்.

கக்கூஸ் கழுவும் ஆசிட் கிட்டேயே வரக் கூடாது. சுண்ணாம்போடு பித்தளையையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துத் தின்னும்.

ஊறிய கரைசல் நீலமாக மாறினால் செம்பு கலந்திருக்கிறது என்று பொருள். செம்பு மீனுக்கு விஷம். ஓடைக்கும் கிணற்றுக்கும் தள்ளிக் குழி வெட்டி ஊற்றி மூடுங்கள். ஆடுமாடு வாய் வைக்கும் இடத்தில் வாளியை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இனிக் கழற்றும் முறை. முதலில் வெறுங்கையில் இடமாகத் திருப்பிப் பாருங்கள். வழுக்கினால் சைக்கிள் டியூபை நட்டின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, அதைப் பிடித்துத் திருப்புங்கள். ரப்பர் முழு வட்டத்தையும் சமமாகப் பிடிக்கும். பிளேயர் இரண்டு பக்கம் மட்டும் நெரிக்கும். வட்ட நட் நீள்வட்டமாகி, உள்ளே இன்னும் இறுகும்.

அப்படியும் வராவிட்டால் சூடு. ஆனால் எது வெளியே, எது உள்ளே என்று பார்த்துவிட்டு. பித்தளைக் குழாயின் மேல் பிளாஸ்டிக் நட் என்றால் நட்டின் மேல் கைபொறுக்காத சூட்டில், கொதிக்காத தண்ணீரை ஊற்றுங்கள். பிளாஸ்டிக் பித்தளையைவிடப் பல மடங்கு விரியும், நட் தளரும். பிளாஸ்டிக் மரையின் மேல் பித்தளை நட் என்றால் இதையே செய்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் ஊதி இன்னும் கவ்விக்கொள்ளும். அதற்கு ஐஸ் தண்ணீர். டிசம்பரில் ஏற்காட்டு விடியற்காலைத் தொட்டித் தண்ணீரே சில சமயம் போதும். கொதிக்கிற தண்ணீரும் நெருப்பும் எந்தப் பக்கத்துக்கும் வேண்டாம். மரை கோணிவிட்டால் வேறு பாகம்தான் வாங்க வேண்டும்.

8. பம்ப்: அழுத்தம் ஏறாவிட்டால், கைப்பிடி நகராவிட்டால்

பிரிக்கும் முன் கைப்பிடி என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

அடிக்க அடிக்கக் கனமே இல்லாமல் வெறுமனே போய்வந்தால் பிஸ்டனில் இருக்கும் கிண்ண வாஷர் தேய்ந்திருக்கிறது, அல்லது காய்ந்து சுருங்கியிருக்கிறது. அடித்துவிட்டதும் கைப்பிடி தானாக ஏறி வந்தால் வெளியேற்றும் வால்வு மூடவில்லை. சேம்பரின் அழுத்தம் திரும்பி பிஸ்டனைத் தள்ளுகிறது. அடிக்கும்போது தொட்டிக்குள் குபுகுபுவென்று தண்ணீர் திரும்பிக் கிளம்பினால் உறிஞ்சும் வால்வு மூடவில்லை. தெளிப்பு சீராக வராமல் ஒவ்வொரு அடிக்கும் விட்டு விட்டு வந்தால் சேம்பருக்குள் காற்றுக்குப் பதில் தண்ணீரே நிறைந்திருக்கிறது. டேங்கைக் காலி செய்து, காற்று ஏற விட்டு, மறுபடி ஊற்றினால் சரியாகும்.

வாஷர் மாற்ற: கைப்பிடி இணைப்பின் பின்னைக் கழற்றி பிஸ்டனை நேராக மேலே இழுங்கள். சாய்த்து இழுத்தால் சிலிண்டர் சுவரில் கீறல் விழும். பிஸ்டன் வந்ததும் உடனே கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது உயிரான விஷயம். அழுத்தம் வரும் பக்கத்தைப் பார்த்து வாய் இருந்தால்தான், தண்ணீர் அழுத்த அழுத்த உதடு விரிந்து சுவரோடு ஒட்டும். தலைகீழாகப் போட்டால் புது வாஷரும் அழுத்தம் ஏற்றாது. வாஷர் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களில் பலர் செய்த தவறு இதுதான்.

தோல் வாஷர் என்றால் போடுவதற்கு முன் அரைமணி எண்ணெயில் ஊற விடுங்கள். ரப்பர் வாஷர் என்றால் விளக்கெண்ணெய் ஒரு துளி விரலில் தொட்டு உதடு முழுக்கத் தடவினால் போதும். வண்டிக்குப் போடும் கிரீஸையும் இன்ஜின் ஆயிலையும் தொடாதீர்கள். அவை சாதாரண ரப்பரை ஊத வைக்கும். ஆமணக்கு விளைகிற சேலம் மாவட்டத்தில் விளக்கெண்ணெய்க்கு அலைய வேண்டியதில்லை.

வால்வைக் கழற்றினால் உள்ளே ஒரு குண்டோ ரப்பர் தகடோ இருக்கும். குண்டை வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். கடுகில் பாதி அளவு சுண்ணாம்புப் பொருக்கு ஒட்டியிருந்தாலும் அது வட்டமாக உட்காராது. இரண்டு நிமிடம் புளிப்புக் கரைசலில் போட்டுத் துணியால் துடைத்தால் பளிச்சென்று வரும். குண்டு உட்காரும் வளையத்தை பிரஷால் மட்டும் துலக்குங்கள், கத்தி படக்கூடாது.

9. நாசில்

கேப், தெளிப்புத் தகடு, சுழல் தகடு, வாஷர், வலை. கழற்றிய வரிசையில் தட்டில் அடுக்குங்கள். மாற்றிப் போட்டால் கூம்பாக வர வேண்டிய தெளிப்பு ஒரே தாரையாக வரும்.

அடைப்பை வாயால் ஊதாதீர்கள். ஊசியும் கம்பியும் வேண்டாம். தகட்டின் துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் மருந்து அளவு கணக்கு மாறிவிடும். தென்னை ஈர்க்குச்சியின் மெல்லிய நுனி போதும், அதுவும் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி. உள்ளிருந்து குத்தினால் அடைப்பு துளையிலேயே இன்னும் இறுகும்.

தேய்ந்த தகட்டைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஒரே வேகத்தில் அடித்து ஒரு நிமிடத்துக்கு வருவதை அளவுக் குடுவையில் பிடியுங்கள். புதுத் தகட்டில் 600 மில்லி வந்து, பழையதில் 660ஐத் தாண்டினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

10. பேட்டரி டேங்க்

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், பிறகு மற்றது. கசிவு பெரும்பாலும் அடியில், பம்புக்குப் போகும் சின்ன ஹோஸ் இணைப்பில் இருக்கும். மருந்து இறங்கி ஒயர் முனைகளில் பச்சை பூத்திருந்தால் அதையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

டிரிகரை மூடியதும் மோட்டார் நிற்க வேண்டும். நின்று, சில நொடியில் மறுபடி ஓடி, மறுபடி நின்றால் அழுத்தம் எங்கோ கசிகிறது. மூன்றாம் பகுதியின் சோப்புச் சோதனையைச் செய்யுங்கள். எங்கும் குமிழி இல்லை என்றால் பம்பின் உள்வால்வில் துகள். உறிஞ்சும் வலையைக் கழற்றிக் கழுவி, பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீர் ஓட விடுங்கள்.

11. பூட்டிய பின்

பிளாஸ்டிக் நட் கையால் இறுகும்வரை, அதற்கு மேல் கால் சுற்று. அவ்வளவுதான். முதலில் இரண்டு மரை பின்னோக்கித் திருப்பி, 'டக்' என்று மரை விழுந்ததும் முன்னால் திருப்புங்கள். கோணல் மரை ஏறாது. பூட்டியதும் மருந்து ஊற்றாதீர்கள். மூன்றாம் பகுதியின் இரண்டு சோதனையையும் நல்ல தண்ணீரில் திரும்பச் செய்து, காகிதம் காய்ந்தே இருந்தால் மட்டும் தோட்டத்துக்குக் கிளம்புங்கள்.

12. அடுத்த வருஷம் இறுகாமல் இருக்க

காப்பிக்கு 0.5 சதவீதப் போர்டோ என்றால் 16 லிட்டர் டேங்குக்கு மயில்துத்தம் 80 கிராம், சுண்ணாம்பும் அதே அளவு. மிளகுக்கு ஒரு சதவீதம் என்றால் 160 கிராம் வீதம். தனித்தனியாகக் கரைத்து, துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்ற வேண்டும். இரும்பு வாளி கூடாது. இரண்டு கரைசலையும் கலப்பதற்கு முன்பே மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். டேங்க் வாயில் இருக்கும் வலை சுண்ணாம்புக் கல்லைப் பிடிக்கும், மாவைப் பிடிக்காது. மேலே சொன்ன தொல்லைகளில் முக்கால்வாசி இந்தத் துணி இல்லாததால் வருபவை.

மருந்து தீர்ந்த அன்றைக்கே, ஈரம் காய்வதற்குள், மூன்று அலசல். மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போதும் பாதி டேங்க் போர்டோவை அப்படியே வைக்காதீர்கள். சுண்ணாம்பு அடியில் படிந்து உறிஞ்சும் வால்வை மூடும். களைக்கொல்லிக்கு வேறு டேங்க், வேறு நிறத்தில் கோடு போட்டு.

எடுத்து வைக்கும்போது மூடியைத் திறந்து, நாசிலைக் கழற்றி, டேங்கைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். டிரிகரில் பூட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். ஸ்பிரிங் அழுந்திக் கிடக்க வேண்டாம். பிஸ்டன் வாஷருக்கு ஒரு துளி விளக்கெண்ணெய். ஹோஸைச் சுருட்டித் தரையில் போடாமல் ஆணியில் மாட்டுங்கள். காப்பி மூட்டை இருக்கும் அறை என்றால் எலி வரும், அது முதலில் கடிப்பது ஹோஸைத்தான்.